அபராத உருண்டை

சர்க்கரை போடாமல் இனிப்பு செய்வதைப் பற்றி யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், சிட்டு பிடித்துக்கொள்வாள். பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறப்போட வேண்டும், ஊறின தண்ணீரைக் கீழே ஊற்றிவிடக் கூடாது. பாதாம் வறுபடும்போது அடுப்பை விட்டு நகரக் கூடாது, மாமியார் கூப்பிட்டாலும் சரி, மந்திரி கூப்பிட்டாலும் சரி. உருண்டை பிடிக்கும் முன் கோகோப் பொடியைச் சலித்துத்தான் போட வேண்டும், இல்லையென்றால் கட்டி கட்டியாக நின்று கசக்கும். சலவைக்கடையில் அவளோடு வேலை செய்யும் இஸ்திரிக்காரம்மா, "போதும்டி, எனக்கு சர்க்கரை வியாதியும் இல்ல, கடிக்கப் பல்லும் இல்ல" என்று காதைப் பொத்திக்கொள்ளும்வரை விடமாட்டாள்.

சின்ன உடம்பு, ஓரிடத்தில் நிற்காத கால். அதனால் கடையில் எல்லோருக்கும் அவள் சிட்டு. வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்த வீட்டுக்காரருக்காகத்தான் இவ்வளவும். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஸ்டியரிங் பிடித்தவர்கள் என்பதால், காய்கறி வாங்கப் போனாலும் யாராவது ஒருவர் "மாஸ்டர்" என்று கையை ஆட்டுவார்கள். நகைச்சுவைக்காரர். கை நடுங்கிக்கொண்டு வண்டியில் ஏறுகிறவர்களைச் சிரிக்கவைத்துச் சிரிக்கவைத்தே கியர் மாற்ற வைத்துவிடுவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் சமையலைக் குறை சொன்னது கிடையாது.

முந்தின வருஷம் அவர் கால் விரலில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. டாக்டர் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை ஏகத்துக்கு ஏறிக் கிடக்கிறது என்றார். அவருடைய அம்மாவைக் கொண்டுபோனதும் இதே வியாதிதான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிட்டு, எனக்கு ஒரு சத்தியம் பண்ணிக் கொடு. நீ எதிர்ல உக்காந்து கேக் சாப்பிட, நான் பார்த்துட்டே இருக்கறது என்னால முடியாது. விடறதா இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து விடுவோம்."

சிட்டுவுக்கு இனிப்பு என்றால் உயிர். கேக் கடையைத் தாண்டும்போது நடை தானாகத் தளரும். காதலர் தினத்தன்று ஒரு கேக் வாங்கி, ஒரே தட்டில் வைத்து, இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து சாப்பிட்டுக்கொண்டே வந்து நடுவில் சண்டை போடுவது கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து அவர்கள் வீட்டுப் பழக்கம். ஆனாலும் அவள் யோசிக்கவே இல்லை. அந்த வண்டியிலேயே சத்தியம் செய்தாள். செய்ததைக் காப்பாற்றவும் செய்தாள். அதற்கப்புறம் வந்த சொந்த மகளின் கல்யாணத்தில் தட்டில் வைத்த கேக் துண்டைக் கையில் எடுத்து, முகர்ந்து பார்த்து, பக்கத்தில் இருந்த குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள். மகள் முகம் வாடினதைப் பார்த்தும் மனசை இறுக்கிக்கொண்டாள்.

அவர் ஒன்று கேட்டுக்கொண்டார். "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே. அம்மாவைப் பக்கத்துல இருந்து பார்த்தவ. எனக்கும் அதேன்னு தெரிஞ்சா படுத்துருவா." கொஞ்ச நாளில் நாத்தனாருக்கும் சிட்டுவுக்கும் பேச்சு குறைந்துகொண்டு வந்தது. காரணம் தெரியவில்லை. இதையும் சொல்லாமல் விட்டதில் அவளுக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை.

இத்தனை செய்தும் சர்க்கரை இறங்கவில்லை. ஒவ்வொரு சோதனையிலும் போன தடவையைவிட ஏறித்தான் இருந்தது. கடைசி முறை போனபோது ஆஸ்பத்திரியில் உணவுமுறை சொல்லிக்கொடுக்கும் டயட்டீஷியன், மேஜைமேல் பிளாஸ்டிக் பழங்களை அடுக்கி வைத்திருந்த இளம் பெண், அவர் பக்கம் திரும்பவே இல்லை. நேராகச் சிட்டுவைத்தான் கேட்டாள்.

"சமையல் நீங்கதானேம்மா? என்ன போடறீங்க?"

சிட்டு சொன்னாள். ஓட்ஸ், கீரை, பருப்பு, காய், எண்ணெய் இவ்வளவு, உப்பு இவ்வளவு.

"இதெல்லாம் போட்டா இந்த அளவு வராதும்மா. என்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? பாசம்னு நினைச்சு அப்பப்போ ஏதாவது கொடுக்கறீங்களா? அவருக்குக் கண்ணு போயிட்டா நீங்கதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்."

சிட்டு கணவர் பக்கம் திரும்பினாள். அவர் ஒரு பிளாஸ்டிக் ஆப்பிளை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்ததும் அவள் அழுதுவிட்டாள். அவர்தான் கண்ணைத் துடைத்துவிட்டார். "விடு சிட்டு. உன்மேல ஒரு தப்பும் இல்ல. என் உடம்பு வாகு அப்படி." இந்த மனுஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றியது. அன்றைக்கே வீட்டில் இருந்த தேனைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். உருண்டையில் பேரீச்சம்பழத்தைப் பாதியாக்கி, பாதாமைக் கூட்டினாள்.

இந்தக் காதலர் தினத்துக்கு அவள் ஒரு வாரமாகத் தயாரானாள். ஓட்ஸ் மாவில் பீட்ரூட்டை அரைத்து ஊற்றினால் பான்கேக் நல்ல சிவப்பாக வரும் என்று கண்டுபிடித்திருந்தாள். முதல் தடவை மண் வாசனை அடித்தது. பீட்ரூட்டை வேகவைத்துத் தோலுரித்து அரைத்தபோது அது போய்விட்டது. இதய வடிவத்துக்கு அச்சு இல்லை. தகர மூடி ஒன்றை நசுக்கி வளைத்து, விளிம்பைக் கல்லில் தேய்த்துத் தானே ஒன்று செய்துகொண்டாள். அதே அச்சில் கோகோ உருண்டைகளையும் அழுத்தி எடுத்தாள். உருண்டை என்று பழக்கத்தில் சொல்வதுதான், இப்போது அவையும் இதயங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிஸ்தாப் பருப்பு.

காலையில் தட்டில் மூன்று சிவப்பு இதயங்கள், பக்கத்தில் கட்டித் தயிர், அதன்மேல் மாதுளை முத்து. மாஸ்டர் குளித்துவிட்டு வந்து பார்த்து, ஒரு கணம் நின்றுவிட்டார்.

"என்னடி இது, கண்காட்சியில வைக்கறாப்பல இருக்கு."

"சாப்பிட்டுச் சொல்லுங்க."

சாப்பிட்டார். ஒன்றை முழுதாக, இரண்டாவதில் பாதி. "அருமை" என்றார். "வகுப்புக்கு நேரமாச்சு, மிச்சத்தை நீ சாப்பிடு. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தட்டுதானே?" எழுந்தபோது அவள் உருண்டைகளைப் போட்டுக் கொடுத்த டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ இல்லன்னா நான் என்னைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றார். சிட்டுவுக்கு அந்த வார்த்தை வேலைக்குப் போகும் வழியெல்லாம் கூடவே வந்தது.

சலவைக்கடையில் அன்று மூச்சுவிட நேரமில்லை. சாயங்காலம் வெளியே சாப்பிடப் போகிறவர்கள் அத்தனை பேரும் கோட்டும் கவுனும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். தலைக்குமேல் ஓடும் கம்பியில் பிளாஸ்டிக் உறை போட்ட துணிகள் வரிசையாகத் தொங்கின. சிட்டு கறை எடுக்கிறவள். ஒரு கறையைப் பார்த்த மாத்திரத்தில் அது எண்ணெயா, வெண்ணெயா, குழம்பா என்று சொல்லிவிடுவாள்.

பத்து மணி வாக்கில் தெருமுனை மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண் தன் சிவப்பு கவுனை வாங்க வந்தாள். கீழ்மடிப்பில் இன்னும் இஸ்திரி ஓடிக்கொண்டிருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஏன் இவ்வளவு குஷி?" என்றாள் இஸ்திரிக்காரம்மா.

"கார் ரிவர்ஸ் எடுக்க வந்திருச்சு எனக்கு. நாலு தடவை எடுத்தேன், ஒரு தடவைகூட இடிக்கல. எல்லாம் எங்க மாஸ்டர் கைராசி."

எந்த மாஸ்டர் என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஊரில் இருப்பது ஒரே ஒரு மாஸ்டர். இஸ்திரிக்காரம்மா வாயைத் திறந்து சிட்டுவைக் கைகாட்டப் போனாள். சிட்டு கண்ணால் வேண்டாம் என்றாள். புருஷனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை, தான் யாரென்று தெரியாதவர் வாயால் கேட்கலாமே என்று ஒரு சின்ன ஆசை.

"நல்லா சொல்லித் தருவாரா?" என்றாள்.

"தங்கமான மனுஷன் அக்கா. திட்டவே மாட்டாரு. பேசிப் பேசியே வயிறு வலிக்க வெச்சிருவாரு." அந்தப் பெண் குரலைக் கொஞ்சம் இறக்கினாள். "பாவம், வீட்டுலதான் சரியில்ல போல."

சிட்டுவின் கையிலிருந்த பிரஷ் அப்படியே நின்றது. "ஏன், என்னவாம்?"

"அவங்க வீட்டம்மாவுக்கு ஏதோ ஆரோக்கியப் பைத்தியமாம். வாயில வைக்க விளங்காததா செஞ்சு போடுமாம். 'எங்க வீட்டுல காலை டிபன் மரத்தூள்'னு சொல்லுவாரு. அந்தம்மாவுக்கு வார்டன்னு பேரு வெச்சிருக்காரு. 'இன்னைக்கு வார்டன் என்ன போட்டாங்க மாஸ்டர்'னு கேட்டுட்டுத்தான் நாங்க வண்டியிலயே ஏறுவோம். இன்னைக்கு ரத்தக் கலர்ல மரத்தூளாம். அவரு சொல்லிக் காட்டணும் அக்கா, அப்படியே நாடகம் பார்த்தாப்பல இருக்கும்."

இஸ்திரிக்காரம்மா பெட்டியைத் தூக்கி நிறுத்தி வைத்தாள். ஆவி புஸ்ஸென்று அடங்கியது.

"அப்போ பசியோடவா சொல்லித் தர்றாரு?" சிட்டுவின் குரல் அவளுக்கே வேறு யாருடைய குரல் மாதிரியோ கேட்டது.

"அதுக்குத்தான் அவங்க அக்கா இருக்காங்களே. தினம் காலையில அந்த அக்கா வீட்டுத் தெருவுக்குத்தான் வண்டியை விடச் சொல்லுவாரு. 'நீ இங்க பார்க்கிங் பழகு, இதோ வந்துடறேன்'னு மேல போயிடுவாரு. வாயைத் துடைச்சிட்டே வருவாரு. சில நாள் எங்களுக்கும் வெண்ணெய் கேக் ஒரு துண்டு. நான் சேர்ந்த நாள்ல இருந்து இதான். எனக்கு முன்னாடி பழகினவங்களும் அந்தத் தெருவுலதான் பார்க்கிங் பழகினாங்களாம்." அவள் கைப்பையைத் திறந்து துழாவினாள். "இதைப் பாருங்க. வீட்டுல இருந்து ஒரு டப்பா கொடுத்து விடுவாங்களாம். எங்ககிட்ட அதுக்கு அபராத உருண்டைன்னு பேரு. ஓட்டும்போது நடுவுல வண்டியை ஆஃப் பண்ணிட்டா ஒண்ணு தின்னணும், அதான் தண்டனை."

காகிதக் கைக்குட்டையை விரித்து நீட்டினாள். இதய வடிவம். தலையில் பிஸ்தாப் பருப்பு. ஒரு ஓரத்தில் தகர மூடியின் நெளிவு அப்படியே பதிந்திருந்தது.

"எடுத்துக்கோங்க அக்கா. அவரு சொல்றாப்பல ஒண்ணும் இல்ல, நல்லாவே இருக்கு. நான் வேணும்னே ரெண்டு தடவை வண்டியை ஆஃப் பண்ணேன்."

சிட்டு வாங்கிக்கொண்டாள். வாங்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பாள். கவுனைச் சுற்றிக் கொடுத்து, அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு போகும்வரை நின்றபடியே நின்றாள்.

"உக்காருடி" என்றாள் இஸ்திரிக்காரம்மா.

அவள் உட்காரவில்லை. கணவரின் சட்டைக் கையில் எத்தனை வெண்ணெய்க் கறையை இதே கையால் எடுத்திருக்கிறாள். லைசென்ஸ் வாங்கின பிள்ளைகள் இனிப்பு கொடுத்தார்கள், மேலே சிந்திவிட்டது என்பார். "நீங்க தொடலையே?" என்று கேட்டால், "உன்மேல சத்தியம் பண்ணிட்டுத் தொடுவேனா?" என்பார். ஊரார் துணியில் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பவளுக்குத் தன் வீட்டுத் துணியில் ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூட இல்லை. அவர் சொன்னதே போதும் என்று இருந்துவிட்டாள்.

முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு நாத்தனார் வீட்டுக்கு நடந்தாள்.

நாத்தனார் இருந்தது ஒரு ஒடுக்கமான தெருவில், மூன்றாவது மாடியில். புருஷன் போன பிறகு அவருக்குத் தம்பிதான் எல்லாம். கதவைத் திறந்தவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இந்த வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?"

"அண்ணி, அவரு காலையில இங்க வந்தாரா?"

"வந்தான். வராம எங்க போவான்? கட்டினவ காலையில அடுப்பே பத்த வைக்க மாட்டேன்னா, வெறும் வயித்தோட எத்தனை நாள்தான் அலைவான்?"

சிட்டுவுக்கு முதலில் புரியவில்லை. "யாரு அடுப்பு பத்த வைக்கல?"

"நடிக்காதே. உனக்கு வேலைக்குப் போகற அவசரம், சரி. ஒரு ரொட்டியைச் சுட்டுக் கொடுக்கவா நேரமில்ல? அவன் வாயில்லாப் பூச்சி. 'அவகிட்ட கேட்டுடாதே அக்கா, வீட்டுல சண்டையாகும்'னு என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினான். அதனாலதான் இத்தனை நாளா வாயை மூடிட்டு இருக்கேன்."

சாப்பாட்டு மேஜையில் ஒரு சிவப்பு கேக் இருந்தது. மேலே வெள்ளை கிரீம், கால் பாகம் வெட்டி எடுத்திருந்தது. பக்கத்தில் வெண்ணெய், ஜாம், சர்க்கரை டப்பா. கழுவிக் கவிழ்த்த தட்டு ஒன்று. சிட்டு அந்த நாற்காலியைப் பார்த்தாள். அவர் உட்காருகிற இடம் இதுதான் போல, முதுகுக்கு ஒரு மெத்தை வைத்திருந்தது. அதிலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணி, அவருக்கு சர்க்கரை."

"என்ன?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னாரு. நீங்க தாங்க மாட்டீங்களாம்."

"பொய் சொல்லாதே."

"கால் விரல்ல புண்ணு வந்து கட்டுப் போட்டிருந்தாரே, உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"ஷூ கடிச்சதுன்னான்." சொல்லிக்கொண்டே நாத்தனாரின் முகம் மாறியது. கை மேஜை விளிம்பைத் தேடிப் பிடித்தது. "அம்மாவுக்கும் கால்லதான் ஆரம்பிச்சது."

சிட்டு தான் சத்தியம் செய்ததைச் சொன்னாள், காலையில் செய்த பான்கேக்கைச் சொன்னாள். கோகோ உருண்டையைச் சொன்னாள். டயட்டீஷியன் கேட்ட கேள்வியைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. நாத்தனார் கடைசியில் கேக்கைத் தட்டோடு தன் பக்கம் இழுத்து, அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"என் கையாலயே ஊட்டியிருக்கேன் அவனுக்கு. போதும்க்கான்னு சொன்னாக்கூட இன்னொண்ணு வெப்பேன்."

"போதும்னு சொன்னாரா?"

"இல்ல" என்றார் நாத்தனார். "சொன்னதே இல்ல."

இரண்டு பேரும் அந்த மேஜையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். மகள் கல்யாணத்தில் இந்த அம்மாள் தன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் நின்றது சிட்டுவுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு நாத்தனாரைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தாள். நாத்தனார் இவளை அப்படி நினைத்திருக்கிறார். இரண்டு கதவுக்கும் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டு, நடுவில் அவர் மட்டும் சௌகரியமாக நடமாடியிருக்கிறார். இங்கே ஒரு டிபன், அங்கே ஒரு டிபன். இங்கே ஒரு அனுதாபம், அங்கே ஒரு அனுதாபம். போதாததற்கு வண்டியில் ஒரு சிரிப்பு.

"எழுந்திரு" என்றார் நாத்தனார். "அவன் வீட்டுக்கு வரும்போது நானும் இருக்கணும்."

மாஸ்டர் சாயங்காலம் கையில் ரோஜாக்கொத்தோடு வந்தார். கூடத்தில் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் வாசலிலேயே கால் நின்றது. ஆனாலும் வாய் பழக்கத்தை விடவில்லை.

"என்னது, பெரிய கோர்ட்டே கூடியிருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்ன ஒன்றுக்கு யாரும் சிரிக்காமல் இருந்ததை அந்த வீடு அன்றுதான் பார்த்தது.

நாத்தனார்தான் ஆரம்பித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயே என்றார். அம்மா கடைசியில் படுத்துக் கிடந்ததை நீயும் பார்த்தவன்தானே என்றார். திட்டிக்கொண்டே வந்தவர் பாதியில் அழுதுவிட்டார். மாஸ்டர் பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆரம்பத்துல நிஜமாவே விடணும்னுதான் நினைச்சேன்" என்றார். "முதல் வாரமே முடியல. சிட்டுகிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவ ராப்பகலா உக்காந்து ஒவ்வொண்ணா செய்யறா. வேணாம்னு எப்படிச் சொல்றது? அவ மனசு நோகும்."

"வெக்கம் என்கிட்ட" என்றாள் சிட்டு. "சிரிப்பு ஊர்கிட்டயா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வார்டன். மரத்தூள். அபராத உருண்டை. எல்லாம் கேட்டுட்டேன். உங்ககிட்ட பழகற பொண்ணு, நான் யாருன்னு தெரியாம, நான் செஞ்சதையே என் கையில கொடுத்துட்டுப் போச்சு."

மாஸ்டரின் முகத்தில் ரத்தம் சுண்டியது. "அது சும்மா விளையாட்டுக்கு, சிட்டு. பயந்துட்டு உக்காந்திருப்பாங்க, அவங்களைச் சிரிக்க வைக்க ஏதாவது சொல்லணும்..."

"இருக்கட்டும். கேக் சாப்பிட்டதையும் விடுங்க, ஆசை யாருக்குத்தான் இல்ல? எனக்கு இல்லையா? ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த டயட்டீஷியன் என்னை அப்படிக் கேட்டப்போ, பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க. அந்த நேரத்துல என்ன நினைச்சிட்டு இருந்தீங்க?"

பொய் ஒன்று வாய்வரை வந்து திரும்பிப் போனது போல இருந்தது. நாத்தனார்கூட அழுகையை நிறுத்திவிட்டுத் தம்பி முகத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் முடிஞ்சு வெளிய போனா தேவலைன்னு நினைச்சேன்" என்றார்.

அந்த ஒரு வருஷத்தில் அவர் அவளிடம் சொன்ன உண்மை இது ஒன்றாகத்தான் இருக்கும். சிட்டு தலையை ஆட்டினாள். உள்ளே போய் மகளின் அறையில் தன் தலையணையைப் போட்டுக்கொண்டாள். கூடத்தில் அக்காவும் தம்பியும் என்ன பேசினார்கள் என்று கேட்க அவளுக்கு மனம் இல்லை.

மறுநாள் காலையில் அவர் எழுந்து வந்தபோது அடுப்படி சுத்தமாகத் துடைத்துக் கிடந்தது.

"இனிமே உங்க சாப்பாடு உங்க பொறுப்பு" என்றாள் சிட்டு. "என்ன சாப்பிடணும்னு உங்களுக்கும் தெரியும். எனக்கு எவ்வளவு சொன்னாங்களோ அவ்வளவும் உங்க காதுலயும்தான் விழுந்தது."

"கோவத்துல சொல்றே."

"கோவம் இருந்தா சமைச்சிருப்பேன். உப்பைக் கொஞ்சம் கூடுதலாப் போட்டிருப்பேன், அவ்வளவுதான்."

கொஞ்ச நாள் அவள் பின்னாலேயே சுற்றினார். பூ வாங்கி வந்தார். மகளை விட்டுப் பேசச் சொன்னார். மகள் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என் கல்யாணத்துலகூட நீ சாப்பிடலையேம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். நாத்தனார் தம்பிக்குக் கதவைச் சாத்திவிட்டார். வந்தால் தண்ணீர் உண்டு, வேறு ஒன்றும் கிடையாது. கடைசியில் வேறு வழியில்லாமல் மாஸ்டரே அடுப்படிக்குள் நுழைந்தார். ஓட்ஸைத் தீய வைத்தார், முட்டையைக் கருக்கினார், கீரையை மண்ணோடு போட்டார். சிட்டு வாயைத் திறந்து ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. மெல்ல மெல்லக் கை பழகியது. வண்டியில் நகைச்சுவை குறைந்துவிட்டதாக மருந்துக்கடைப் பெண் சொன்னதாக இஸ்திரிக்காரம்மா சொன்னாள். விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண் கடைக்கு ஓடி வந்து அழுதாள். "நீ என்னம்மா பண்ணே, உண்மையைத்தானே சொன்னே" என்று சிட்டுதான் அவளைத் தேற்றி அனுப்பினாள்.

அடுத்த சோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. அதற்கு அடுத்ததில் இன்னும் இறங்கியது. ஆஸ்பத்திரிக்கு அவர் தனியாகத்தான் போய்வந்தார். திரும்பி வந்து, டயட்டீஷியனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். "என் வீட்டுக்காரிமேல தப்பே இல்ல, நான்தான் மறைச்சேன்னு சொன்னேன் சிட்டு. அந்தப் பொண்ணு உன்கிட்ட மன்னிப்புக் கேட்டதா சொல்லச் சொல்லுச்சு."

சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். போன் செய்து கேட்டால் தெரிந்துவிடும். சிட்டு கேட்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில் நாத்தனாரும் அவளும் கடைத்தெருவுக்குப் போனார்கள். இரண்டு பேருக்கும் இன்னும் பேச்சு கோர்வையாக வருவதில்லை. ஆனாலும் வாரம் ஒரு முறையாவது நாத்தனார் கூப்பிடுவார். கேக் கடை வாசலில் நாத்தனார் தயங்கி நின்றார். "உனக்கு ஒண்ணும் சத்தியம் இல்லையே இப்போ" என்றார். சிட்டு உள்ளே போய் ஒரு துண்டு வாங்கி, நின்றபடியே முழுதாகச் சாப்பிட்டாள். நன்றாக இருந்தது. இன்னொன்று வேண்டுமா என்றார் நாத்தனார். வேண்டாம் என்றாள், வேண்டாம் என்றுதான் இருந்தது.

இப்போது மாஸ்டர் தினமும் சாயங்காலம் வந்ததும், யாரும் கேட்காமலே, அன்றைக்கு என்னென்ன சாப்பிட்டார் என்று ஒப்பிக்கிறார். மத்தியானம் காய், ஒரு சப்பாத்தி, மோர். பழகுகிற பையன் ஒருவன் பிறந்தநாள் கேக் நீட்டினான், தொடவில்லை. அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும் என்று சிட்டுவுக்கும் தோன்றுகிறது. கால் புண் முழுதாக ஆறிவிட்டது, முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. சிட்டு துணி மடித்துக்கொண்டே "உம்" கொட்டுகிறாள். பார்க்கக் கூடாது என்று தினமும் நினைத்துக்கொள்கிறாள். அவர் பேசப் பேச, அவள் கண் அவர் வாயோரத்துக்குப் போய்விடுகிறது. அவர் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஒட்டியிருக்காத உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொள்கிறார்.